தோளில் மிச்சமிருக்கும் இரண்டு விரல்கள்

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என்னுடையதல்ல, லிஃப்டில் கேட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் இரண்டு லிஃப்டுகள். ஒன்று ஓடினால் மற்றது படுத்துக்கொள்ளும். பழுது பார்க்கக் கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர் சிவேந்திரன். ஐம்பத்து நான்கு வயது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். அவரும் அவர் மனைவி தாராவும்தான் கதை. எழுதுகிறவனுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது.

(மேலே உள்ள பத்தியில் ஒரு பொய் இருக்கிறது. இப்போதைக்கு இருக்கட்டும். ஆறாம் பகுதியில் திருத்திவிடுகிறேன்.)

2.

மூன்று தொடக்கங்கள் எழுதி மூன்றையும் கைவிட்டேன்.

‘தாரா மறந்ததையெல்லாம் அவளுடைய இடது கை மறக்கவில்லை.’ அழகான வரி. அது அழகாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தாராவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதியிருக்கக்கூடிய வரி அது.

‘பக்கவாதம் வந்த அன்று தாரா ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் கழுத்துச் சுருக்கத்தை’ — இது பாதியிலேயே நிற்கட்டும். முடித்தால் உங்களுக்கு மாப்பிள்ளைதான் நினைவில் நிற்பார்.

‘போட்டோஷாப் என்பது’ — மன்னிக்க வேண்டும், தொழில் புத்தி. நான் பள்ளிப் பயிற்சி நூல்கள் போடும் பதிப்பகம் ஒன்றில் பக்கம் அமைக்கிறவன். எதையும் ‘என்பது’ போட்டுத் தொடங்கினால்தான் எனக்குக் கை ஓடும்.

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். தாரா கிள்ளானில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருபத்திரண்டு வருஷம் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். பருவை எடுப்பாள், கண்ணுக்குக் கீழே கறுப்பை எடுப்பாள், கூட்டத்தில் கண்ணை மூடிவிட்ட மாமாவுக்கு வேறொரு படத்திலிருந்து கண் கொண்டுவந்து வைப்பாள். வலது கை மவுஸில் இருக்கும். இடது கை விசைப்பலகையில் பார்க்காமலே ஓடும். எந்த விசைக்கு என்ன வேலை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

போன வருஷம் ஜூனில் பக்கவாதம் வந்தது. வலது கை போனது. பேச்சும் போனது. ‘சரி’ என்ற ஒரு சொல் மட்டும் தங்கியது. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி. எந்தச் சரி எது என்பதை சிவேந்திரன் ராகத்தை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டார்.

இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

3.

அந்த இடது கையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் சிவேந்திரனுக்கு வந்த யோசனை இது: விசைகளை அவள் அமுக்கட்டும், மவுஸை நான் பிடிக்கிறேன். அவள் எங்கே பார்க்கிறாளோ அங்கே கொண்டுபோகிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளாகிவிடலாம்.

இதை என்னிடம் சொன்னபோது அவர் லிஃப்டின் பொத்தான் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு சோகமும் இல்லை. பழுது பார்க்கிறவருக்கு எல்லாமே பழுதுதான், பார்த்தால் சரியாகிவிடும்.

ஸ்டூடியோவில் இருந்த போட்டோஷாப் ஸ்டூடியோவுடையது. வீட்டில் இருந்ததோ மகன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய பழைய கணினி, இன்றைய போட்டோஷாப் அதில் ஏறவே இல்லை. கிம்ப் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், பழைய கணினியிலும் ஓடும் என்று யாரோ சொன்னார்கள். ‘ரெண்டும் ஒண்ணுதான் லா’ என்றும் சொன்னார்கள். இறக்கிப் போட்டார். உறவுக் குழந்தை ஒன்றின் பிறந்தநாள் படத்தைத் திறந்து வைத்தார். தாராவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தார்.

தாரா தூரிகைக்காக ‘பி’யை அமுக்கினாள். தூரிகை வரவில்லை, புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் வேறு ஏதோ வந்தது. இன்னொரு விசை, அதுவும் வேறு எதையோ கொண்டுவந்தது. அது படத்தின் ஒரு பகுதியைத் தேர்வு செய்து வைத்திருந்தது, அதை விடுவிக்க ‘கண்ட்ரோல் டி’யை அமுக்கினாள். போட்டோஷாப்பில் அது தேர்வை விடுவிக்கும். கிம்பிலோ அதே படத்துக்கு இன்னொரு நகல் திறக்கும். இது இருவருக்குமே தெரியாது. குழந்தையின் முகம் இரண்டானது. மறுபடி அமுக்கினாள். மூன்றானது. பதட்டத்தில் அமுக்கிக்கொண்டே போனாள். பதினோரு குழந்தைகள் திரை முழுக்கச் சிரித்தன.

தாரா கையைத் தூக்கித் தன் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே தன் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

தப்பு மென்பொருளில் இருந்தது. அவள் அது தன் மூளையில் என்று நினைத்துக்கொண்டாள். மிச்சம் இருந்த ஒன்றும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த மேசைப் பக்கம் வரவில்லை. ஹாலைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். சிவேந்திரன் கணினிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.*

* துண்டின் நிறம் என்ன என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த இடம் இன்னும் நன்றாக வந்திருக்கும். இப்படி நினைப்பதற்காக வெட்கப்படுகிறேன்.

4.

இங்கே உஷாராணி வருகிறார். ஸ்டூடியோவில் தாராவுக்குப் பக்கத்து நாற்காலி. ‘போட்டோஷாப்ல என் வைஃப் அமுக்குற கீ எல்லாம் எழுதிக் குடுங்க’ என்று சிவேந்திரன் போய் நின்றார்.

“வாயால கேட்டா எனக்கு வராது அங்கிள்,” என்றார் உஷாராணி. “இருங்க, செஞ்சு பாத்துதான் சொல்ல முடியும்.”

அவர் ஒவ்வொரு வேலையாகச் செய்து, தன் விரல் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்ல, சிவேந்திரன் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அறுபத்தொரு விசைகள்.

கிம்பில் எந்த விசைக்கு என்ன வேலை என்பதை நாமே மாற்றலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினார். ‘பி’ தூரிகையானது. ‘கண்ட்ரோல் டி’ தேர்வை விடுவிக்கும் விசையானது. அதோடு நிறுத்தவில்லை. திரையின் நிறத்தைக் கருஞ்சாம்பலாக்கினார். கருவிகளை இடப்பக்கம் ஒரே வரிசையில் நிறுத்தினார். அடுக்குகளின் பட்டியலை வலப்பக்கம் கொண்டுபோனார். திறக்கும்போது தோன்றும் படத்தை மாற்றினார். முகப்பில் இருந்த சின்னத்தை எடுத்துவிட்டு போட்டோஷாப்பின் பழைய நீலச் சின்னத்தை வைத்தார். காணொளி பார்த்துப் பார்த்துத்தான் எல்லாமே. லிஃப்டுக்கு உள்ளே நிற்கிறவனுக்கு மேலே மோட்டார் மாறியது தெரியக்கூடாது, அதுதான் நல்ல வேலை என்றார்.

ஒன்றே ஒன்று அவருக்கு மசியவில்லை. படம் எதுவும் திறக்காதபோது கிம்பின் வெற்றுத் திரையில் மங்கலாக ஒரு விலங்கு முகம் தெரியும், வாயில் தூரிகையைக் கவ்வியபடி. அது அந்த மென்பொருளின் அடையாளம். அதைப் போக்க அவருக்கு வழி தெரியவில்லை. ஆகவே ஏதாவது ஒரு படத்தைத் திறந்துவைத்துவிட்டுத்தான் தாராவைக் கூப்பிடுவார்.

“பழைய ப்ரோக்ராம் கெடச்சிருச்சு தாரா. அன்னிக்கி நான் போட்டது தப்பானது. உன் மேல தப்பு இல்ல.”

தாரா தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். ‘பி’. தூரிகை வந்தது. ‘ஜே’. பருவை ஆற்றும் கருவி வந்தது. ‘கண்ட்ரோல் டி’. தேர்வு மறைந்தது, படம் ஒன்றாகவே நின்றது.

“சரி,” என்றாள் தாரா. அந்த ராகத்தை சிவேந்திரன் அதுவரை கேட்டதில்லை. அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதார்.

5.

இங்கே எழுதுகிறவனுக்கு ஒரு சந்தேகம். இந்த மனிதர் நல்லவரா?

மனைவியை ஏமாற்றுகிறார். அன்புதான், ஆனாலும் ஏமாற்று. இதை ஒருமுறை நாசூக்காகக் கேட்டேன்.

“தம்பி, லிஃப்ட்ல கதவு மூடுற பட்டன் இருக்குல்ல? நான் பாக்குற நெறைய லிஃப்ட்ல அதுக்கு வயரே கெடையாது. கதவு அதுவா மூடும். ஆனா ஆளுங்க அமுக்குவாங்க. அமுக்குனா மனசுக்கு ஒரு சமாதானம். நான் குடுத்த பட்டன்ல வயராவது இருக்கு.”

இதைக் கேட்டு நான் ஒரு வரி எழுதிவைத்தேன்: ‘கதை எழுதுவதும் இதேதான். உண்மையில் நடந்ததை எடுத்து, நிறம் மாற்றி, சின்னம் மாற்றி, வாசகரின் கை பழகிய இடத்தில்’ — போதும். அவர் செய்தது மனைவிக்காக. நான் செய்வது எனக்காக. இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன்.

ஒருநாள் தாராவே கடைசிப் படத்தை மூடிவிட்டாள். விலங்கு முகம் திரையில் வந்து நின்றது. தாரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புது வெர்ஷன்ல இப்படித்தான் வருது,” என்றார் சிவேந்திரன்.

“சரி,” என்றாள் தாரா.

அது எந்தச் சரி என்று அவர் யோசிக்கவில்லை. ராகங்களை எல்லாம் கற்றுக்கொண்ட மனிதர் அந்த ஒன்றை விட்டுவிட்டார்.

6.

பொய்யைத் திருத்தும் இடம் வந்துவிட்டது. எனக்குப் பங்கில்லை என்று சொன்னேன் அல்லவா, அதுதான்.

என் தம்பி செந்தூரன், முப்பத்தாறு வயது, செராஸில் பூப்பந்து ஆடிக்கொண்டிருக்கும்போது மைதானத்திலேயே விழுந்து இறந்துபோனான். சிவேந்திரனை லிஃப்டில் பார்த்தபோது என் கையில் இருந்தது அவனுடைய படம். கடைகடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாண வழிக் குடும்பங்களில் முப்பத்தோராம் நாள் இறந்தவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டு வந்தவர்களுக்குக் கொடுப்போம். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். அதன் முதல் பக்கத்துக்கு ஒரு படம் வேண்டும். செந்தூரன் சிரிக்கிற படம் ஒன்றுதான் இருந்தது, ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. அதில் அவன் தோளில் ஒரு கை கிடக்கும். படத்தின் விளிம்புக்கு வெளியே நிற்கிற யாருடையதோ கை.

யாருடையதோ இல்லை, என்னுடையது.

மாலை போடும் படத்தில் உயிரோடிருக்கிறவனின் அங்கம் இருக்கக்கூடாது என்றாள் அம்மா. “அந்தக் கையை எடுத்திடு. உனக்கும் சேத்து மாலை போட என்னால முடியாது.” கடைக்காரர்கள் வெட்டித் தருகிறேன் என்றார்கள். வெட்டினால் தோளும் போய்விடும். கையை எடுத்து, அதன் கீழே சட்டையின் மடிப்பைப் புதிதாக உருவாக்க வேண்டும். பக்கம் அமைக்கிறவனுக்கு அது வராது.

“என் வைஃப் செய்வாங்க,” என்றார் சிவேந்திரன். லிஃப்ட் அப்போது ஏழாம் மாடியில் திறந்த கதவோடு நின்றுகொண்டிருந்தது. “கொஞ்சம் டைம் எடுக்கும். ஆனா தெரியவே தெரியாது.”

பக்கவாதத்துக்குப் பிறகு தாராவுக்கு வெளியிலிருந்து வந்த முதல் வேலை அது.

7.

முதல் வரைவுகளில் இந்தப் பகுதியில் நான் இல்லை. மென்பொருளில் விட்டுப்போன ஒன்றை சிவேந்திரன் தானாகவே கண்டுபிடிப்பதாக எழுதியிருந்தேன். நன்றாகவும் இருந்தது, சட்டை மடிப்பு தெரியாதபடி.

நடந்தது இதுதான். கிள்ளானில் அவர்கள் வீடு, சனிக்கிழமை காலை. நான் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திரையில் செந்தூரன். மவுஸை சிவேந்திரன் பிடித்திருந்தார், அவர் வலது கை தாராவின் மடிக்கு மேலே நீண்டிருந்தது. தாரா கண்ணால் காட்டுவாள், அவர் நகர்த்துவார். தாண்டிப் போய்விட்டால் அவள் முழங்கையால் ஒரு இடி இடிப்பாள். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். அங்கே என் கை எப்போதாவது இருந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு சுத்தம்.

பத்து மணி மாத்திரைக்காகத் தாரா எழுந்து உள்ளே போனாள். சிவேந்திரன் நாள்காட்டித் தாளைப் பெருமையோடு நீட்டினார். நானும் போட்டோஷாப்பில் புழங்குகிறவன்தானே, பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன்.

“அண்ணே, இன்வெர்ட் மட்டும் விட்டுப்போச்சே.”

“எது?”

தேர்வு செய்ததைத் தலைகீழாக்குவது. சட்டையைத் தேர்வு செய்தபின் ஒரே அமுக்கில் ‘சட்டையைத் தவிர மற்றதெல்லாம்’ என்று மாற்றிக்கொள்வது. போட்டோஷாப்பில் அதற்கு கண்ட்ரோல், ஷிஃப்ட், ஐ என்று மூன்று விசை சேரவேண்டும். ஷிஃப்ட் இல்லாமல் அமுக்கினால் தேர்வு செய்த இடம் நிறம் புரண்டு நெகட்டிவ் ஆகிவிடும். கிம்பில் இரண்டு விசையிலேயே தேர்வு தலைகீழாகிவிடும். உஷாராணி அதை எப்போதும் மெனுவில் போய்ச் செய்கிறவர், அதனால் பட்டியலில் வரவில்லை.

சிவேந்திரனின் முகம் வெளிறிவிட்டது. “ஐயோ தம்பி, என்னைக்காவது அமுக்கியிருந்தா? நல்ல வேள நீங்க பாத்தீங்க.”

எப்படி மாற்றுவது என்று நான்தான் காட்டினேன். இரண்டு நிமிஷ வேலை. இருவருக்கும் பெரிய நிம்மதி.

தாரா திரும்பி வந்து உட்கார்ந்தாள். சிவேந்திரன் முகமும் சட்டையுமாகச் செந்தூரனைச் சுற்றிக் கோடு இழுத்து முடித்தார். தாரா இடது கையைத் தூக்கி விசைப்பலகையின் வலக்கோடிக்குக் கொண்டுபோனாள். அந்தப் பக்கத்துக் கண்ட்ரோலில் கட்டைவிரலை வைத்தாள், ‘ஐ’யில் ஆள்காட்டியை. ஷிஃப்ட் பக்கம் விரலே போகவில்லை. அமுக்கினாள்.

செந்தூரன் நெகட்டிவ் ஆனான். முகம் கறுத்து நீலம் பாய்ந்தது. பற்கள் கறுப்பு, கண்ணின் கருமணிகள் வெள்ளை.

இருபத்திரண்டு வருஷம் அந்த இடது கை அந்தப் பக்கம் போனதே இல்லை. அந்தப் பக்கத்து விசைகளுக்கு வலது கைதான் மவுஸை விட்டு வரும். அது இப்போது புதிதாகப் பழகிய அசைவு. விட்டுப்போன விசையை என்றோ ஒருநாள் அமுக்கிப் பார்த்து, படம் நெகட்டிவ் ஆகாமல் தேர்வு திரும்புவதைக் கண்டு, இது பழையது இல்லை என்று தெரிந்துகொண்டு, யாரிடமும் காட்டாமல் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். அன்று காலையிலேயே நாலைந்து தடவை என் கண்ணெதிரே செய்தாள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பார்க்கவில்லை.

தாராவின் கை மடியில் விழுந்தது. “சரி,” என்றாள். “சரி. சரி. சரி.”

சிவேந்திரன் கண்ட்ரோல் இசட்டை அமுக்கினார். செய்ததை அழிக்கும் விசை, அது இரண்டு மென்பொருளிலும் ஒன்றுதான். செந்தூரன் திரும்பி வந்தான். தாரா அதற்குள் எழுந்து சுவரைப் பிடித்தபடி உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

பிறகு வீட்டு வாசலில், மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. எனக்காகத் தெரியாத மாதிரி இருந்திருக்கா. புதுசா ஒண்ணு கத்துக்கிட்டா, ஒண்ணே ஒண்ணு. அதையும் நான் புடுங்கிட்டேன்.”

நான்தான் பிடுங்கினேன் என்று சொல்லவேண்டிய இடம் அது. “சரியாயிடும்ணே,” என்றேன்.

8.

முடிவுகள்.

அ) அடுத்த வாரம் தாரா தானாகவே வந்து உட்கார்ந்து, கண்ட்ரோல் ஷிஃப்ட் ஐயைப் பழகிக்கொள்கிறாள். இதை இரண்டு பக்கம் எழுதினேன். என் நெஞ்சு லேசாகிவிட்டது, அதனால் கிழித்தேன்.

ஆ) தாராவுக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வந்து — இல்லை. என் குற்றத்தை மூடுவதற்காக ஒரு பெண்ணைச் சாகடிக்க மாட்டேன்.

இ) நடந்தது. சிவேந்திரன் அன்றே விசையைப் பழையபடி மாற்றிவைத்தார். தாராவிடம் எல்லாவற்றையும் சொன்னார்: இது கிம்ப், நான்தான் மாற்றினேன், தப்பு உன்னுடையது இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவள் முழுவதும் கேட்டாள். சரி என்றாள். எழுந்து வரவில்லை. நம்பவில்லையா, கோபமா, களைத்துவிட்டாளா? தாராவின் தலைக்குள் போய்ப் பார்த்துச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. போனால் அங்கே ஒரு சொல்தான் கிடைக்கும் என்று நினைப்பதும் தவறு. எல்லாச் சொல்லும் அங்கே இருக்கின்றன, வெளியேதான் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் வந்து போய்விட்டது. கல்வெட்டில் செந்தூரனின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டோம். சிரிக்காமல் இருக்கிறான்.

சிவேந்திரன் தினமும் காலையில் கணினியைத் திறந்து அதே கோப்பை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். துண்டு போட்டு மூடவில்லை. சட்டை மூன்று விரல் அளவுக்கு முழுதாகியிருக்கிறது. என் மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் தம்பியின் தோளில் இருக்கின்றன.

எனக்கு இப்போது அந்த விரல்கள் வேண்டும். அவன் மேல் நான் வைத்த கையில் மிச்சம் அவ்வளவுதான். ‘அண்ணே, இருக்கட்டும், எடுக்க வேணாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வேலை முடிந்துவிடும். தாராவுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே லிஃப்ட் படுக்கும்போதெல்லாம் அவரைப் பார்த்து, “அவசரம் இல்லண்ணே, ஆனா அவங்க கையாலதான் வேணும்” என்கிறேன். அவரும் வீட்டுக்குப் போய் அதை அப்படியே தாராவிடம் சொல்கிறாராம்.

தாரா வந்து உட்கார்ந்தால் என் கை செந்தூரனை விட்டுப் போய்விடும். உட்காராவிட்டால் அங்கேயே இருக்கும். எது நடக்கவேண்டும் என்று எழுத மூன்று வாரமாக முயல்கிறேன். இரண்டு விதமாகவும் எனக்குக் கை வரவில்லை. வாக்கியத்தைத் தொடங்கி வைத்திருக்கிறேன். மீதியை நீங்கள் எழுதுங்கள், என் விரல்களைப் பார்க்க வேண்டாம்.

‘அன்று காலை தாரா அந்த நாற்காலியை